ஏரி பார்த்த அறை

“நீச்சல் தெரியுமா தம்பி?”

லுவோ பெய்யின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி விடுதிக்காரி கேட்டாள். மூன்று மணி நேரம் பஸ்ஸில் இடிபட்டு வந்து நிற்பவனிடம் முதலில் கேட்கிற கேள்வியா இது?

“நல்லாவே தெரியும்மா. அதுக்குத்தானே ஃபூஷியான் ஏரிக்கே வந்திருக்கேன். பார்சல் கம்பெனியில மாசத்துக்கு ரெண்டே நாள்தான் லீவு.”

அவள் முகம் கறுத்துவிட்டது. பன்னிரண்டு மிருகங்களின் பெயரில் சுற்றிவரும் வருஷங்களில் அவனுடையது எது என்று அட்டையிலிருந்த பிறந்த தேதியே சொன்னது. “புலி வருஷத்துல பிறந்திருக்கே...” என்று தனக்குள் முணுமுணுத்தாள். சாவியை நீட்டினாள்.

அறையைத் திறந்ததும் லுவோ பெய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனில் பார்த்த படத்தில் ஜன்னல் நிறைய நீல ஏரி. இங்கே ஜன்னலுக்கு வெளியே லாரி பட்டறை! மெத்தை நடுவில் பள்ளம். குழாயில் தண்ணீர் வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

தடதடவென்று கீழே இறங்கினான். “ஏம்மா, ஏரி பார்த்த அறைன்னு போட்டுத்தானே ஆளைப் பிடிக்கிறீங்க?”

“அதெல்லாம் நிறைஞ்சு போச்சு.”

அவளுக்குப் பின்னால் பலகையில் பத்துப் பன்னிரண்டு சாவிகள் சும்மா தொங்கின. விடுதியில் வேறு ஈ காக்கை இல்லை. பச்சைப் பொய்!

“போகட்டும், ஏரிப் பக்கத்துப் பின்கதவையாவது திறந்து விடுங்க. ஒரு முங்கு போட்டுட்டு வர்றேன்.”

“அந்தப் பூட்டுக்குச் சாவி இல்ல.” அவள் குரல் திடீரென்று இறங்கியது. “பொழுது சாயற நேரத்துல எங்கேயும் போகாதே. அறையிலேயே இரு. நானே வந்து கூப்பிடறேன்.”

அவள் சொன்ன விதம் அவனுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவள் அடுப்படிக்குள் போன நேரம் பார்த்து, பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியாக நழுவினான்.

எதிர்ச் சாரியில் ஒருவர் கரி அடுப்பில் டோஃபு சுட்டுக்கொண்டிருந்தார். பசி. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“அந்த விடுதியிலயா தங்கியிருக்கே?” என்றார் கடைக்காரர். “நீ புலி வருஷத்துக்காரன் இல்லையே?”

“புலிதான். ஏன்ணே?”

டோஃபுவைத் திருப்பிக்கொண்டிருந்த கை நின்றது. “அவளோட ஒரே பையன் இந்த ஏரியிலதான் போனான். இன்னியோட மூணு வருஷம். பொழுது சாயற நேரம். அவனும் புலிதான்.”

“அய்யோ பாவம். அதுக்கும் எனக்கும் என்னண்ணே?”

“பட்டணத்துப் பிள்ளை, உனக்கு எங்கே தெரியப் போவுது? தண்ணியில செத்தவன் தண்ணியிலயேதான் கிடக்கணும் தம்பி. தனக்குப் பதிலா, தன் வருஷத்துலயே பிறந்த இன்னொரு ஆளை உள்ளே இழுத்தாத்தான் அவனுக்கு விடுதலை, அடுத்த பிறவி எல்லாம். இங்கே சின்னக் குழந்தைக்குக்கூட இது தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா?” அவர் குனிந்து மெதுவாகக் கேட்டார். “உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?”

“பொழுது சாயறப்போ வந்து கூப்பிடறேன்னு...”

“தின்னது போதும். ஊரைப் பார்த்துக் கிளம்பு.”

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பேயாவது பிசாசாவது என்று தைரியம் சொல்லிக்கொண்டே ஏரிக்கரை ஓரமாக நடந்தான். விடுதி கண்ணுக்கு மறைந்ததும் தைரியம் கொஞ்சம் நிஜமாகவே வந்தது.

மாதம் முழுக்க அட்டைப்பெட்டி சுமந்துவிட்டு, ஏரியில் கால் நனைக்காமல் போவதா? இவ்வளவு தூரத்தில் அந்தப் பொம்பளையால் என்ன செய்துவிட முடியும்? சட்டையைக் கழற்றிப் பையின்மேல் போட்டான்.

கரையில் யாரும் இல்லை. எதிர் மலைக்குப் பின்னால் சூரியன் பாதி இறங்கியிருந்தது. தண்ணீர் இடுப்புவரை ஏறியபோது உடம்பெல்லாம் குளிர்ந்தது. அப்பாடா, இதற்குத்தான் வந்தது!

“தம்பி! நில்லு!”

திரும்பினான். அவள்தான். தலை அவிழ்ந்து, ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு கூழாங்கற்களில் ஓடி வந்தாள். துணியோடு அப்படியே தண்ணீரில் இறங்கினாள்.

“கிட்ட வராதீங்க!” அலறியபடி பின்னால் நகர்ந்தான். ஒரு அடி, இரண்டு அடி. மூன்றாவது அடிக்குத் தரையே இல்லை.

நீந்தத் தெரிந்தவன்தானே, கையை வீசினான். ஆனால் வலது கணுக்காலை என்னவோ பிடித்துக்கொண்டது. பாசியாக இருக்கும் என்று உதறினான். உதற உதற பிடி இறுகியது. வாய், மூக்கு எல்லாம் தண்ணீர்.

அந்த நேரத்தில் அவள் கை அவன் தலைமுடியைக் கொத்தாகப் பற்றியது.

“கொன்னுடாதீங்கம்மா!” கண்ணை மூடிக்கொண்டு அவளைக் குத்தினான், கீறினான். அவள் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. பிடியை மட்டும் அவள் விடவில்லை.

செத்தோம் என்றே நினைத்தான். கண்ணைத் திறந்தபோது முதுகுக்குக் கீழே கூழாங்கற்கள் குத்தின. உயிர் இருந்தது! இருமி இருமித் தண்ணீரைக் கக்கினான்.

அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கால் ஆழத்தில், ஏரியைப் பார்த்து, இரண்டு கைகளையும் விரித்து அவனை மறைத்தாற்போல் நின்றாள். இருண்டுகொண்டிருந்த தண்ணீரிடம் அழுதபடி கெஞ்சினாள்.

“இவன் வேண்டாம் கண்ணு... இவனுக்கும் ஒரு அம்மா இருக்கா.”