ஈரம் காயும் வரை

பீவர் என்னும் நீர்விலங்குகள் மரம் கடித்துக் கட்டிய அணைக்கு எதிரே, கரைப்பாதையின் நடுவில் வழக்கம்போல் முக்காலி போட்டு மார்லிஸ் படம் வரைகிறாள். நவம்பர் வெயில் குளத்தின் மேல் வெளிறிக் கிடக்கிறது. அணையை இடிக்க வந்த மண்வாரி இயந்திரம் அவள் முதுகுக்குப் பின்னால் உறுமுகிறது. அவள் எழுந்தால்தான் அதற்கு வழி. அதை ஓட்டிவந்த டுவேன் இறங்கி வருகிறான். “போதும், எந்திரிங்க டீச்சர்.” அவள் மடியில் தாள் ஒட்டிய பலகை அசையாமல் இருக்கிறது. “வர்ணம் ஈரமா இருக்கு. இப்பத் தூக்குனா வானம் வழிஞ்சு அணை மேல இறங்கிடும். காயட்டும், எந்திரிக்கிறேன்.” “இந்தக் குளிர்ல எப்பக் காயும்?” “அவசரம் உனக்குத்தான், எனக்கில்ல.” அவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். தாளின் ஓரம் மெல்லக் காய்ந்து வெளுக்கிறது. மார்லிஸ் அதைப் பார்க்கிறாள், அவனையும் பார்க்கிறாள். பட்டைத் தூரிகையைக் குளத்தில் முக்கி எடுத்து, வானம் முழுவதையும் மறுபடி நனைக்கிறாள்.