சூடு ஆறிய சாணம்

தொழுவத்திலிருந்து அப்போதுதான் வந்த சாணத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. உடம்பெல்லாம் ஆவி பறக்க, நடவுக்காகக் கூடையில் காத்திருந்த விதை உருளைக்கிழங்கைப் பார்த்துக் கத்தியது.

"தங்கம், என்னை உன் பக்கத்துல போடச் சொல்லு! கட்டிப்பிடிச்சே உன்னைப் பூசணிக்காய் ஆக்கிடறேன்!"

கிழங்கு பயந்து கூடையின் ஓரத்துக்கு நகர்ந்தது. அந்த வழியாக வந்த மண்புழு, சாணத்தைத் தலையால் தொட்டுவிட்டுத் துள்ளி விழுந்தது.

"அம்மாடி! இந்தச் சூட்டுல முளை வெந்துடும். தோலெல்லாம் சொறி பிடிக்கும். உனக்குள்ள இருக்கிற கிருமி கிழங்கோட சேர்ந்து சமையலறைக்கே போயிடும். முதல்ல எருக்குழியில கிட."

"என் பாசத்தையா சூடுங்கறே?" என்று பொருமிக்கொண்டே சாணம் குழிக்குப் போனது.

அங்கே அதன்மேல் சருகுகள் விழுந்தன. மண்வெட்டி அவ்வப்போது வந்து புரட்டிப் போட்டது. மண்புழு தலைகாட்டினாலே, "இப்ப சூடு ஆறிடுச்சு, உள்ள வர்றியா?" என்று சாணம் கூவும். புழு தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிவிடும்.

மழை வந்தது, வெயில் வந்தது. சருகுகள் சொன்ன மரத்துக் கதைகளைக் கேட்டுக் கேட்டு, சாணம் கூவுவதையே மறந்துபோனது. ஒருநாள் வயிற்றுக்குள் கிச்சுகிச்சு மூட்டியது. பார்த்தால், மண்புழு தன் குஞ்சுகளோடு அங்கே குடியிருந்தது!

"எப்ப வந்தே?"

"நீ கூப்பிடறதை நிறுத்தினதும் வந்துட்டேன்."

சாணம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. பொலபொலவென்று உதிர்ந்தது.

அடுத்த நடவில் அதை அள்ளிப் பாத்தியில் போட்டார்கள். அது ஒதுங்கிப் படுத்தது. புது விதைக்கிழங்குதான் மெல்ல முளையை நீட்டிச் சொன்னது:

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாயேன்."