பட்டியலில் ஐந்து பேர்

"மேனேஜர் ஃபைலைத் திறக்க உனக்கு என்ன தைரியம்?"

மேனேஜர் ஜெயராஜ் போட்ட சத்தத்தில் கிள்ளான் சரக்கு அலுவலகமே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

பன்னிரண்டு வருட கிளார்க் சந்திரகலா அசையவில்லை. கணவர் படுக்கையில். பண்டமாரான் பகுதியில் இருக்கும் அவர்கள் வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

"நான் திறக்கல சார். நேத்து அதுவா திறந்துச்சு. அதான் காலையில வந்ததும் உங்ககிட்ட சொன்னேன்."

"கம்ப்யூட்டர் தானா திறக்குமா? என்ன கதை லா இது?"

அவர் பதறியதற்குக் காரணம் இருந்தது. மாதக் கடைசியில் வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பப்போகும் ஐந்து பேரின் பட்டியல் அதில்தான் இருந்தது. ஐந்து பேரைக் குறைத்தே ஆகவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

முந்தாநாள் புது லாகின் ப்ரோக்ராமைப் பொருத்திவிட்டுப் போன வாசுவைக் கோலாலம்பூரிலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

"எப்படி உள்ள போனீங்கக்கா? செஞ்சு காட்டுங்க."

திரை 'முழுப் பெயர்' கேட்டது. ஐ.சி. அடையாள அட்டையில் உள்ளபடி தன் பெயரோடு அப்பா மீனாட்சிசுந்தரத்தின் பெயரையும் சேர்த்து அடித்தாள். மேனேஜரின் ஃபைல்கள் வரிசையாக வந்து நின்றன.

வாசு தலையில் கை வைத்துக்கொண்டான்.

"தப்பு எங்களோடது சார். பேருக்கு இருபது எழுத்து இடம்தான் விட்டிருக்கோம். லிம், அலின்னு சின்னப் பேராப் போட்டே டெஸ்ட் பண்ணிட்டோம். நீளமா அடிச்சா மிச்சம் பக்கத்து மெமரில வழிஞ்சிடுது. யாரு மேனேஜர்னு குறிச்சு வச்சிருக்கற இடம் அதுதான். அது கெட்டதும் இவங்களையே மேனேஜர்னு நெனச்சுக்குது. அக்கா சொல்லலேன்னா யார் வேணாலும் புகுந்து எதை வேணாலும் மாத்தியிருக்கலாம்."

ஜெயராஜ் பாய்ந்து வந்து பட்டியலைத் திறந்தார். ஓர் எழுத்துகூட மாறவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், யாரோ கூப்பிட்டதுபோல வெளியே போய்விட்டார்.

வாசு திரையைப் பார்த்தான். மூன்றாவது பெயர், சந்திரகலா.

"அக்கா... நேத்தே பாத்துட்டீங்களா?"

"பாத்தேன்."

"ஒரு பட்டன்தானே? அழிச்சிட்டுப் பேசாம இருந்திருக்கலாமே!"

"அந்த பட்டன் வரைக்கும் கை போச்சு தம்பி, பொய் சொல்லல. ஆனா அஞ்சு பேரு வேணும்னு சொல்லிட்டாங்க. என் பேரை எடுத்தா, அந்த இடத்துல இன்னொருத்தர் பேரைத்தானே போடுவாங்க?"