சாக்ஸ் மாட்டிய கை

மாலை வெயில் உப்பளப் பாத்திகளில் பட்டுத் திரும்பி, மலர்கொடியின் வீட்டுச் சுவரில் நடுங்குகிறது. மகள் தமிழ்நிலாவுக்கு ஆறு வயது. அவள் வலது கையில் முழங்கைவரை ஒரு பழைய சாக்ஸ். அதன் வாயை மலர்கொடிதான் ரிப்பனால் கட்டியிருக்கிறாள். பிறந்ததிலிருந்து மடங்கியே கிடக்கும் இடது கை பழக வேண்டுமானால், தினம் இரண்டு மணி நேரம் நல்ல கையைக் கட்டி வையுங்கள் என்று தெரபி மேடம் சொல்லி இன்றோடு இருபது நாள். தட்டில் கல்லுப்பு, பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர். இடது விரல்கள் ஊர்ந்து ஊர்ந்து போய் ஒரு கல்லைத் தொடுகின்றன, நழுவ விடுகின்றன, மறுபடி தொடுகின்றன. மலர்கொடியும் இடக்கைக்காரியாகப் பிறந்தவள்தான். அளத்து வரப்பில் கஞ்சி குடிக்க உட்காரும்போதெல்லாம் அவளுடைய அப்பா தன் துண்டால் அந்தக் கையை இடுப்போடு சேர்த்துக் கட்டுவார். வலது கையால் எடுத்தால்தான் சுட்ட கருவாடு. வியர்வையும் உப்பும் ஊறிய அந்தத் துண்டின் வாசனை இப்போது வீடு முழுக்க வருகிறது. அவர் இருந்திருந்தால் இந்த சாக்ஸைப் பார்த்துச் சிரித்திருப்பார். "எடுத்துட்டேம்மா." இரண்டு விரல்களுக்கு நடுவில் ஒரே ஒரு கல். அந்தக் கை ஆடி ஆடி அம்மாவை நோக்கி நீள்கிறது. மலர்கொடியின் வாய் முந்திக்கொள்கிறது. "சோத்தாங்கையால குடுடி." தமிழ்நிலா சாக்ஸைப் பார்க்கிறாள், அப்புறம் அம்மாவைப் பார்க்கிறாள். மலர்கொடி நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். "இதுல வையி கண்ணு" என்று, முப்பது வருஷமாக யாரிடமும் எதற்கும் நீட்டாத தன் இடது கையை விரித்துப் பிடிக்கிறாள்.