பின்வாசல் வாசகர்கள்

நூலகத்தின் பின்பக்கச் சந்தில் சலூன்காரர் நான்காவது சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். பொத்தான் போடுவதற்குள் மொளகா அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

“நடந்துகிட்டே போடுங்கண்ணே! அதிகாரி குனிஞ்சு எழுதிட்டிருக்கார். நிமிரும்போது நீங்க புது ஆளா முன்வாசல்ல நிக்கணும்.”

“சட்டைய மாத்திட்டேன், மீசைய என்னம்மா பண்றது? நாலு தடவையும் ஒரே மீசைதானே போகுது?”

“கர்சீப்பால மூடிக்கிட்டு இருமுங்க!”

அவள் கோபத்தைப் பார்த்துத் தெரு வைத்த பேர்தான் மொளகா. அந்தச் சின்ன நூலகத்தில் அலமாரி துடைப்பதும், கிழிந்த புத்தகத்தை ஒட்டுவதும், ஒழுகும் கூரையின் ஓடுகளை மாற்றுவதும் பதினோரு தன்னார்வலர்கள். அவள்தான் தலைவி. ‘வாசகர் வருகை மிகக் குறைவு. அதிகாரி நேரில் பார்த்து, மூடுவதா என முடிவு செய்வார்’ என்று கடிதம் வந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் வரும் நாள் இன்று. அதனால்தான் இந்தக் கூத்து. பதினோரு பேரும் முன்வாசலில் நுழைந்து, புத்தகத்தோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பின்வாசலில் நழுவி, சட்டை மாற்றிக்கொண்டு மறுபடியும் முன்வாசலுக்கு ஓட வேண்டும்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ‘ஆபீஸ்லேர்ந்து வர்றேன், பார்வையிடணும்’ என்ற ஒரே வரியோடு காலையில் வந்த மனிதர் பேனாவால் அலமாரியைத் தட்டினார். சுவரோரம் குனிந்தார். நோட்டில் எழுதினார். ஆட்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“கல்லுளிமங்கன்!” என்று பல்லைக் கடித்தாள்.

உள்ளே பஸ் கண்டக்டர் பழக்கதோஷத்தில், “உள்ள போங்க, உள்ள போங்க, அலமாரிப் பக்கம் காலியாத்தானே இருக்கு!” என்று கூவிக்கொண்டிருந்தார். சலூன்காரர் புத்தகத்தை விட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரரின் பிடரி முடியையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் சேர்க்கத் தன் மச்சானையும் வரச்சொல்லியிருப்பதாகத் தன்னார்வலர்களில் ஒருவரான டெய்லர் சொல்லியிருந்தார். சந்து முனையில் தோள்பையோடு ஒரு வழுக்கைத்தலைக்காரர் தயங்கி நின்றார்.

“டெய்லரோட மச்சான்தானே? ஒரு மணி நேரம் லேட்டு!”

“லேட்டுதான்மா, பஸ் கிடைக்கல. முன்வாசல்ல நுழையவும் முடியல. நான் வந்து...”

“கதையெல்லாம் அப்புறம். இந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டு முன்பக்கமா போய், ஒரு புத்தகத்த எடுத்துப் பத்து நிமிஷம் படிங்க. அப்புறம் இந்தப் பக்கமா வாங்க.”

“எதுக்கும்மா?”

“உள்ள ஒரு அதிகாரி இருக்கார். அவர் கண்ணுக்குக் கூட்டம் தெரியணும்.”

வழுக்கைத்தலைக்காரர் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டார்.

இரண்டாவது தடவை அவருக்குக் கறுப்புக் கண்ணாடி கிடைத்தது. மூன்றாவது தடவைக்கு டெய்லரின் கோட்டை நீட்டியபோது, ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு கேட்டார். “ஏம்மா, நெசமாவே தினம் எத்தனை பேர் வருவாங்க?”

“இருபது பேர்,” என்றாள் வெடுக்கென்று. “இளக்காரமா இருக்கா? எங்க வீடு ஒரே ரூம், ஆறு பேரு. நான் இங்க உக்காந்துதான் படிச்சேன். எங்க வம்சத்துலயே மொத டிகிரி. இப்ப நாலு பொண்ணுங்க அதே மாதிரி வருதுங்க. இத மூடிட்டா அதுங்க எங்க போகும்? மூடுறேன்னு சொல்றவன் வீட்டு ஹாலுக்கா? சும்மா நிக்காதீங்க, இன்னொரு கையையும் விடுங்க!”

“விட்டுட்டேன், விட்டுட்டேன்!” என்று அவர் ஓடினார். ஓடியவர் திரும்பி வரவே இல்லை.

கடைசியில் நோட்டுக்காரர் எழுந்தார். பின்வாசலில் மொளகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒரு தாளைக் கிழித்து நூலகர் அக்காவிடம் நீட்டினார்.

“கரையான் மூணு அலமாரியிலதான் இருக்கு மேடம். திங்கக்கிழமை வந்து மருந்தடிச்சிடறோம்.”

“கரையானா?”

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்கதானே புகார் எழுதினீங்க? நாங்கல்லாம் உடனே வந்துடுவோம். இன்னிக்குத்தான் இந்தக் கூட்டத்துல குனிஞ்சு நிமிர முடியல!” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சலூன்காரர் மீசையை மூடியிருந்த கர்சீப்பை இறக்கினார்.

“கரையான்காரனுக்கா நான் நாலு சட்டை மாத்தினேன்?” என்றார். யாரோ பொத்துக்கொண்டு சிரித்தார்கள். அது தொற்றி, கண்டக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“சிரிங்க, நல்லா சிரிங்க!” மொளகாவின் குரல் உடைந்தது. “அதிகாரி வரவே இல்ல. வந்து பார்க்காமலே மூடிடுவாங்க. இவ்ளோ கஷ்டப்பட்டதும் வீண்.”

டெய்லர் தலையைச் சொறிந்தார். “என் மச்சானும்தான் வரல. வண்டி பஞ்சராம்.”

சிரிப்பு நின்றது. எல்லாத் தலைகளும் ஜன்னலோர நாற்காலிப் பக்கம் திரும்பின. கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்த வழுக்கைத்தலைக்காரர், படித்த பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, மறு கையால் ஒரு தாளை நீட்டினார். புது உறுப்பினர் படிவம், ஒரு வரி விடாமல் நிரப்பப்பட்டிருந்தது.

“அதிகாரி வரலைன்னு யாரும்மா சொன்னது? மூணு தடவை வந்தேனே!”