ஐந்தாவது நட்டு

நான்கு நட்டுகள் மறுபேச்சில்லாமல் கழன்று வந்துவிட்டன. ஐந்தாவதுதான் என் உயிரை வாங்கியது.

காரைச் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தியிருந்தேன். முன்பக்கத்து டயர் சப்பையாகிக் கிடந்தது. மலைக்குக் கீழே ஃபிஷ்கார்ட் துறைமுகத்தில் அயர்லாந்து போகும் கப்பலுக்குள் வண்டிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அதில் எங்களுக்கும் இடம் இருந்தது. கப்பல் கதவை மூடிவிட்டால் இல்லை.

"இது பூட்டு நட்டும்மா," என்றார் பழுது பார்க்க வந்த எம்லின். "திருட்டுப்பய எவனும் சக்கரத்தக் கழட்டிக்கிட்டுப் போகக் கூடாதுன்னு மாட்டுறது. இதுக்குன்னு தனியா ஒரு சாவி உண்டு, கட்டை விரல் தண்டி இருக்கும். நல்லாத் தேடிப் பாருங்க."

தேடினேன். டேஷ்போர்டு, சீட்டுக்கு அடியில், ஸ்டெப்னி இருந்த குழி. பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த என் மகள் கேரிஸின் காலைத் தூக்கிக்கூடப் பார்த்தேன்.

இல்லை.

என்னிடம் எதுதான் தங்கியிருக்கிறது? கையுறை போனது. வீட்டுச் சாவி போனது. போன மாதம் வங்கி அட்டை. "ஓர்லா கையில ஒண்ணக் குடுத்தா, அது போன மாதிரிதான்" என்று என் புருஷன் ஹ்யூ விருந்தாளிகள் முன்னால் சொல்லிச் சிரிப்பான். நானும் கூடச் சிரிப்பேன். உண்மைதானே. இன்றைக்குப் பார்த்தா இதையும் தொலைத்துத் தொலைக்க வேண்டும்!

ஹ்யூ ட்ரக்கை எடுத்துக்கொண்டு செம்மறி ஏலத்துக்குப் போயிருந்தான். போனால் சாயங்காலம்தான் திரும்புவான். அதற்குள் நாங்கள் நடுக்கடலில் இருக்க வேண்டும். டிக்கெட் எடுத்துக்கொடுத்த என் அண்ணன் டோனல் அக்கரையில் காத்திருந்தான்.

ஹ்யூ என்னை அடிப்பது எனக்குப் பழகிப் போயிருந்தது. போன வாரம் கேரிஸை அடித்தான். நாலு வயசுக் குழந்தையை. பாலைக் கொட்டிவிட்டாளாம்.

இதையெல்லாம் எம்லினிடம் சொல்லவில்லை. முன்பின் தெரியாத மனுஷரிடம் எந்த வாயால் சொல்வது? அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, பார்க்கப் போகிறோம் என்றேன். அவர் முகம் அப்படியே இளகிவிட்டது.

"அட, அப்ப சீக்கிரம் பண்ணணுமே. சாவி இல்லாமயும் கழட்டலாம். நட்டு திருகுற பழைய சாக்கெட் குழாய் ஒண்ண நட்டு மேல அடிச்சு இறக்கினா கவ்விக்கும். ஆனா நட்டு நாசமாயிடும். சக்கரத்துலயும் கீறல் விழலாம்."

"உடைங்க. சக்கரமே போனாலும் போகட்டும்."

"சக்கரம் போயிட்டா எதுல போவீங்களாம்?" என்று சிரித்துக்கொண்டே சுத்தியலை எடுத்தார்.

அடித்த அடியில் கார் குலுங்கியது. கேரிஸ் விழித்துக்கொண்டு வீரிட்டாள். எம்லின் தன் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, திராட்சை போட்ட வெல்ஷ் கேக் ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டு மறுபடி குனிந்தார். சாக்கெட்டில் நீளக் கம்பியை மாட்டி, உடம்பு பாரம் முழுவதையும் அதன் மேல் போட்டார். சாக்கெட் வழுக்கிக்கொண்டு வந்தது. கம்பி முழங்காலில் இடித்ததில் மனுஷர் துள்ளிவிட்டார்.

மறுபடி அடித்தார். மறுபடி அழுத்தினார். கிறீச்சென்று ஒரு சத்தம். நட்டு துளியூண்டு திரும்பியது.

எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது.

"அசைஞ்சிடுச்சு பாத்தீங்களா! பிடிதான் பத்தல. இதவிடச் சின்ன சாக்கெட் வண்டியில கிடக்கு, இதோ வர்றேன்."

போனவர் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். வண்டிக்குப் பின்னால் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார், சிரித்தார், மறுபடி தலையை ஆட்டினார். ஆபீசாக இருக்கும். கீழே கடைசி லாரிகள் ஏறிக்கொண்டிருந்தன. இந்த நேரத்திலா அரட்டை என்று பல்லைக் கடித்தேன்.

வெறும் கையோடு வந்தார்.

"கவலைய விடுங்கம்மா. ஒண்ணையும் உடைக்க வேணாம். உங்க வீட்டுக்காரர் பேர்லதானே வண்டி பதிஞ்சிருக்கு? எங்க ஆபீஸ் பதிவுல அவரு நம்பர் இருந்துச்சு. அவரு வண்டிய உடைக்கிறமே, ஒரு வார்த்த கேட்டுடலாம்னு போட்டேன். சாவி அவரு சாவிக்கொத்துலதான் இருக்காம். எப்பவுமே அங்கதான் இருக்குமாம். கிளம்பிட்டாரு, இப்ப வந்துடுவாரு."

எப்பவுமேவா? அப்படியென்றால் நான் இதுவரை எதைத்தான் தொலைத்தேன்?

அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். "எங்கள உங்க வண்டியில துறைமுகத்துல விட்டுடுங்க. இப்பவே. அவன் எங்கள அடிப்பான். குழந்தையையும் அடிப்பான்."

சொல்லிவிட்டேன். ஒருவழியாக ஒரு மனுஷரிடம் சொல்லிவிட்டேன்.

எம்லின் அதிர்ந்துபோகவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக மெல்ல விடுவித்தார்.

"இப்படி ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு அவரும் சொன்னாரும்மா. உங்கம்மா தவறிப்போயே ரெண்டு வருஷம் ஆச்சாமே. அவரு குரலே உடைஞ்சு போச்சு, பாவம்."

பிறகு கார் ஜன்னல் பக்கம் குனிந்து கேரிஸின் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"அழாத பாப்பா. அப்பா வந்துக்கிட்டே இருக்காரு."