ரஸ்மிய்யா கேட்ட சத்தியம்

ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கட்டில் கிழவரின் வயிற்றில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மூத்திரப் பையைப் பார்த்ததும் சப்ரீன் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ரஸ்மிய்யாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இளையவளுக்கு அருவருப்பு! இது போதுமே!

இருவருக்கும் ஒரே கணவன், மெத்வல்லி. நாற்பது வருஷம் நைல் வாய்க்கால் தண்ணீரில் நின்று நெல் நட்டவன். அந்தத் தண்ணீரிலிருந்து உடம்புக்குள் புகுந்த புழு, இப்போது மூத்திரப்பையில் புற்றாகித் தசைவரை இறங்கியிருந்தது.

முறைப்படி ஆளுக்கு ஒரு ராத்திரி. சப்ரீன் வந்த இந்த நான்கு வருஷத்தில் அந்த முறை ரஸ்மிய்யாவின் வாசல்படி ஏறியதே அபூர்வம்.

டாக்டர் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். "புத்து வந்த மூத்திரப்பையை எப்படியும் எடுத்தாகணும் மெத்வல்லி. அப்புறம் ரெண்டு வழி இருக்கு. குடல்ல ஒரு துண்டை எடுத்து உள்ளேயே புதுப்பை தைக்கலாம். நீங்க எப்பவும் போலவே ஒண்ணுக்குப் போகலாம். ஆனா ஆபரேஷன் நீளம். முதல் சில மாசம் ராத்திரியும் மூணு மணிக்கொரு தரம் எழுந்தாகணும்."

"இன்னொண்ணு?"

"வயித்துல ஓட்டை போட்டு வெளியில பை ஒட்டறது. சின்ன ஆபரேஷன்தான். ஆனா பை ஆயுசுக்கும் கூடவே இருக்கும். உங்க நோய்க்கு ரெண்டும் ஒண்ணுதான், நீங்கதான் சொல்லணும்."

"உள்ளேயே தைச்சிடுங்க டாக்டர்," என்றான் மெத்வல்லி.

ரஸ்மிய்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனை முழுசாகத் தைத்து அந்தச் சிறுக்கி வீட்டுக்கு அனுப்பவா?

"ஏங்க, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறவரு நீங்க. மூணு மணிக்கொரு தரம் எழுந்திருப்பீங்களா? படுக்கையை நனைச்சுட்டு முழிக்கப் போறீங்களா? பைன்னா நிம்மதி. நீள அங்கிக்குள்ள இருக்கறது எவனுக்குத் தெரியும்?"

மெத்வல்லி தாடியைச் சொறிந்தான். சப்ரீன் டாக்டரைப் பார்த்தாள்.

"ஓட்டைக்கு உக்கார வச்சுத்தானே குறி போடுவீங்க? படுக்க வச்சுப் போட்டா, உக்காரும்போது மடிப்புக்குள்ள போயிடுமே."

"உக்கார வச்சுத்தாம்மா," என்று டாக்டர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். டாக்டரிடமும் மினுக்கத் தொடங்கிவிட்டாள் என்று ரஸ்மிய்யா பல்லைக் கடித்தாள்.

கடைசியில் மெத்வல்லி பெருமூச்சு விட்டான். "சரி டாக்டர், பையே இருக்கட்டும்."

ரஸ்மிய்யா அதோடு விடுவதாயில்லை. "இன்னும் ஒண்ணு. அருவருப்புப் படாம உங்க பையை மாத்தி விடறவ எவளோ, அவ வீட்லயேதான் இனிமே நீங்க இருக்கணும். டாக்டர் முன்னால சத்தியம் பண்ணுங்க."

"அதுக்கென்ன? அல்லா மேல ஆணையா, அவ வீட்லயேதான்."

ரஸ்மிய்யா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அஞ்சு பிள்ளைக்குப் பீ மூத்திரம் அள்ளின கை இது. இவ எதை அள்ளினா?"

சப்ரீன் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தலைகுனிவு ரஸ்மிய்யாவுக்குக் கல்கண்டாக இனித்தது. நான்கு வருஷத்துப் பொறாமை ஒரே நாளில் ஆறிப்போனது.

பக்கத்துக் கட்டில் கிழவருக்கு மாற்ற நர்ஸ் ஒரு புதுப் பையோடு வந்தாள். "வீட்ல பாத்துக்கப்போறது யாரு? கத்துக்கறதுக்கு வாங்க."

"போடீ, முதல்ல நீ போ," என்று ரஸ்மிய்யா சப்ரீனைப் பார்த்துச் சிரித்தாள்.

சப்ரீன் தலையை நிமிர்த்தினாள்.

"நீங்க கத்துக்கங்கக்கா. ஊருக்கே தெரியாம எட்டு வருஷம் எங்கப்பாவுக்கு நாந்தானே பை மாத்தி விட்டேன்."